கழுத்து நரம்பு நெருக்கம்

கழுத்தெலும்புகள் ஏழினை ஒட்டி வெளிப்படும் எட்டு இணை நரம்புகளுள் ஒன்றன் வேர், பிதுங்கிய வட்டினாலோ வயதில் வளர்ந்த எலும்பு முனையினாலோ அழுத்தப்படுவதால் விளையும் வியாதி.

1957-இல் அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றிய மாமல்லபுரத்தில், கருங்கல்லின் மீது தலை குனிந்து நாள் முழுதும் உளி பிடிக்கும் சிற்பிகளுக்குக் கழுத்துவலி வருவது இயல்பே. ஆயினும் அவ்வலி கழுத்திலும் தோட்பட்டையிலும் நின்று, விரலால் அழுத்த மிகுந்து, ஓய்விலும் ஒத்தடத்திலும் தணியுமாயின் பெரும்பாலும் தசையைச் சார்ந்தது. தலையைப் பின்னே சாய்க்கையில் மிகுந்து, விரல்களை மரக்கச் செய்யாதது மூட்டைச் சார்ந்ததாகலாம். நரம்பின் வேதனையோ கை வழியே மின்னலென இறங்கும்: ஆறாம் நரம்பாயின் பெருவிரலும், ஏழாவதாயின் நடுவிரலும், எட்டாவதாயின் சுண்டுவிரலும் மரத்துப்போகும், ஏழாவது நரம்பு நலிந்தால் முழங்கையை நீட்டும் பலமும் குன்றும். நோயுற்ற கையைத் தலைமேல் வைத்தால் வலி தணிவது, எளிதாயினும் மதிப்புமிக்க அடையாளம்.

1944-இல் ஸ்பர்லிங், ஸ்கோவில் எனும் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த சோதனையில், வலியுள்ள பக்கம் தலையைச் சாய்த்து மருத்துவர் மேலிருந்து மெல்ல அழுத்த, வலி கைக்கு இறங்கினால் நரம்பு நெருக்கத்தைப் பெரிதும் சந்தேகிக்கலாம். இறங்காமையால் மட்டும் அது இல்லையென்று தீர்மானித்தல் தகாது.

இரவில் விரல்கள் மரத்து, கையை உதறத் தெளிவது மணிக்கட்டு நரம்பின் உபாதை. அதிரும் இயந்திரங்களைக் கையாள்வோர்க்கு அது மிகுதி. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்வு வலியற்றவரிடமும் சாதாரணமாகக் காணப்படுவதாகலின், படத்தை மட்டும் நம்பலாகாது.

பெரும்பாலோர் அறுவையின்றியே குணமடைகின்றனர். ஆனால் நடை தள்ளாடினாலோ, பொத்தானிடக் கை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுக்கடங்காமற் போனாலோ, தண்டுவடமே நெருக்குண்டிருக்கலாமாகையால், செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்லவேண்டும்.