எரிபொருள் தொட்டி ரெசின் (தாமே கட்டும் சிறு விமானங்களில்)

கண்ணாடி இழைத் துணியை நனைத்து இறுகி, பெட்ரோல் கசியாத தொட்டிச் சுவராக மாறும் செயற்கைப் பிசின். எப்பாக்சியும் வினைல் எஸ்டரும் பெரிதும் புழங்குகின்றன. ஜெர்மனியில் 1957-இல் பறந்த ஃபீனிக்ஸ், கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடராகக் கருதப்படுகிறது. அதில் பயன்பட்டது பாலியெஸ்டர் ரெசின்.

கலிபோர்னியாவின் மொஹாவியில் பர்ட் ரூட்டான் வடிவமைத்த வேரிஈஸி (1975), லாங்-ஈஸி (1979) ஆகிய விமானங்கள் கண்ணாடி இழை வேலையை வீட்டுக் கார் கொட்டகைக்குள் கொண்டுவந்தன. அச்சு தேவையில்லை. பாலிஸ்டைரீன் நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் அறுத்து, துணி விரித்து, எப்பாக்சி பூசினால் இறக்கை தயார். ஆனால் அந்த நுரை பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். எனவே தொட்டிச் சுவருக்கு வேறு நுரை. லாங்-ஈஸியில் தொட்டி தனிக் கலம் அல்ல. இறக்கையின் அடிப்பகுதி உடலோடு சேரும் இடத்து உட்கூடுதான் 52 கேலன் (சுமார் 197 லிட்டர்) கொள்கிறது. மற்ற இடங்களில் எடைக்கு அஞ்சி வழித்தெடுக்கப்படும் ரெசின், இங்கே உட்பரப்பில் தாராளமாக விடப்படும். துணி வறண்டால் ஊசித்துளைகள் வழியே கசியும். தொட்டியை மூடியபின் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழ் எழுகிறதா என்று பொறுமையாகப் பார்ப்பார்கள். அழுத்தம் சற்று மிஞ்சினாலும் சுவர் பிரிந்துவிடும்.

வினைல் எஸ்டர் எரிபொருளை நன்கு தாங்கும் என்பர் ஒரு சாரார். சரியாக இறுகிய எப்பாக்சியே போதும் என்பர் மற்றவர். வினைல் எஸ்டரில் உள்ள ஸ்டைரீன் பாலிஸ்டைரீன் நுரையைக் கரைக்கும். அதன் கோபால்ட் முடுக்கியையும் பெராக்சைடு வினையூக்கியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கலாம். முடுக்கியை முதலில் ரெசினில் முழுதும் கரைத்த பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

எப்பாக்சியை இறுகவைக்கச் சேர்க்கும் தொடக்க கால ஹார்டனர்கள் சிலவற்றில் எம்.டி.ஏ. என்ற அமீன் இருந்தது. இங்கிலாந்தின் எப்பிங்கில் 1965-இல் வேனில் சிந்திய இந்தப் பொருள் மாவு மூட்டையில் ஏறி, அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்ற 84 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. 1992-இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு, பணியிடக் காற்றில் அதற்கு 100 கோடியில் 10 பங்கு என வரம்பு விதித்தது. எம்.டி.ஏ. இல்லாத ஹார்டனரும் ஒவ்வாமை தரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளியும் தோலைத் தடிக்கவைக்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். தோலில் பட்டதை அசிட்டோனால் துடைக்கக் கூடாது, சோப்பால் கழுவ வேண்டும். ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் எப்பாக்சி விரைவில் இறுகாது. அளவு பிசகிய இடம் மென்மையாகவே நின்று, பெட்ரோலில் ஊறிப்போகும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் சில எப்பாக்சிகளை மென்மையாக்குகிறது. அதனால் இறுகிய துண்டொன்றைத் தாம் பயன்படுத்தப்போகும் எரிபொருளிலேயே சில வாரம் ஊறவைத்துப் பார்ப்பது வழக்கமாகியுள்ளது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஈயமில்லா எரிபொருளான ஜி100யூஎல், வண்ணப்பூச்சையும் தொட்டி அடைப்புப் பூச்சையும் கெடுப்பதாகப் புகார்கள் உள்ளன. தயாரிப்பாளர் அவற்றை ஏற்கவில்லை.