பளுவை நீளமாக வரைந்தவர்கள்

முனைவர்பட்ட மாணவர் ஒருவரின் கைப்பேசிச் செயற்பட்டியலில் 'மூன்றாம் இயலைத் திருத்துதல்', 'நூலகத்தில் நூலைத் திருப்பித் தருதல்' என்று அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே எழுத்தளவு, முன்னால் ஒரே வெற்று வட்டம். முதலாவதற்கு மூன்று வாரம் ஆகலாம். இரண்டாவதற்கு அரைமணி நேரம். வரும் வியாழனன்று 'ஐந்து பணிகள்' என்று செயலி எண்ணிக் காட்டும். அந்த ஐந்தும் ஒரு பகலுக்குள் அடங்குமா என்று அது கேட்பதில்லை. 'வேலைப்பளு' என்று தமிழ் எடையாகப் பேசும் ஒன்றைக் கண்ணால் காண வேண்டுமென்றால், அந்த எடையை நீளமாகவோ பரப்பாகவோ மாற்றியாக வேண்டும். நூறாண்டுக்கு முன்பே அதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்டவற்றுள் ஒரு பகுதிதான் இன்றைய செயலிகளை வந்தடைந்திருக்கிறது. வந்தடையாத பகுதியே இங்குப் பேசப்படுவது.

காலத்தை நீளமாக வரையும் வழக்கம் முதலில் கடந்த காலத்துக்கே பயன்பட்டது. 1765இல் ஜோசப் பிரீஸ்ட்லி வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுப் படத்தில் ஏறத்தாழ 2000 பேரின் வாழ்நாட்கள் கிடைக்கோடுகளாக நின்றன. இனி நடக்க வேண்டியதை வரையும் தேவையைத் தொழிலாகவே கொண்டுவந்தது இரயில்வே. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன்-ழூல் மாரே, வரைபட முறை பற்றி 1878இல் வெளியிட்ட நூலில், பாரிஸ்–லியோன் தடத்தின் நேர அட்டவணைப் படத்தைப் பொறியாளர் இப்ரியின் முறை என்று குறித்துச் சேர்த்தார். மேலிருந்து கீழாக நிலையங்கள். இடமிருந்து வலமாக மணிகள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. கோடு செங்குத்தாக நிமிர நிமிர வேகம் மிகுதி. நிலையத்தில் நிற்கும் வண்டி, கிடையாக ஓடும் சிறு கோடு.

இந்திய இரயில்வேயின் கோட்டக் கட்டுப்பாட்டு அறைகளில் இதே வரைபடம் தலைமுறைகளாகப் புழங்கிவந்தது. கணினி வரும்வரை செக்‌ஷன் கன்ட்ரோலர் தம் பணிநேரம் முழுவதும் விரிந்த தாளின்முன் அமர்ந்து, நிலையங்களிலிருந்து தொலைபேசியில் வரும் நேரங்களைக் கோடுகளாக இழுத்துக்கொண்டிருப்பார். கடந்து போனதைப் பதிவதோடு அவர் வேலை முடியவில்லை. அடுத்து வரவிருக்கும் வண்டிகளின் கோடுகளையும் முன்கூட்டியே வரைந்து பார்க்க வேண்டும். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் கோடுகள் இரு நிலையங்களுக்கு நடுவில் வெட்டிக்கொண்டால், அந்தத் திட்டம் நடவாது. கிராசிங்குக்கு இடமுள்ள ஏதேனும் ஒரு நிலையத்தின்மீதுதான் கோடுகள் வெட்ட வேண்டும். எனவே எந்தச் சரக்கு வண்டியை எந்த நிலையத்தில் ஒதுக்கி நிறுத்துவது என்ற முடிவு, நெருக்கடி நேர்வதற்கு முன்பே தாளில் பிறந்துவிடும். வரைபடத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்தத் தாள்களை அதிகம் பொருட்படுத்தியதில்லை என்பது சற்று வியப்புக்குரியது. நடவாத திட்டத்தைத் தானே மறுத்துரைக்கும் படம் அது. செயற்பட்டியலோ எதையும் மறுப்பதில்லை. ஒரே நாளில் நாற்பது பணிகளை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்.

இரயில்வேயில் ஒரு தடத்தில் ஓரிடத்தில் ஒரு வண்டிதான் நிற்க முடியும். தொழிற்சாலையில் சிக்கல் வேறுவகையானது: ஒரே இயந்திரத்தின்முன் பல வேலைகள் காத்திருக்கும். போலந்துப் பொறியாளர் கரோல் அதாமியெட்ஸ்கி, உலோகத்தைத் தகடாக்கும் உருளை ஆலைகளில் பணியாற்றியபோது, 1896 அளவில் 'ஹார்மனோகிராம்' என்ற முறையை உருவாக்கினார். ஒவ்வொரு வேலைக்கும் நகர்த்தத்தக்க ஒரு தாள்நாடா. அதற்கு முன் எவை முடிய வேண்டும், அதற்குப் பின் எவை தொடங்க வேண்டும் என்பது நாடாவிலேயே எழுதப்பட்டிருக்கும். அவர் பெரும்பாலும் போலிஷ், ரஷ்ய மொழிகளில் எழுதியதால் அவர் பெயர் மேற்கில் நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. ஓர் எண்ணத்துக்கு யாருடைய பெயர் ஒட்டிக்கொள்கிறது என்பதை எண்ணத்தின் வயதைவிட மொழியே பல நேரம் தீர்மானிக்கிறது.

ஒட்டிக்கொண்ட பெயர் ஹென்றி லாரன்ஸ் கேன்ட் (1861–1919). அமெரிக்கரான இவர் பிரெடரிக் டெய்லருடன் மிட்வேல் எஃகு நிறுவனத்தில் பணியாற்றியவர். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்கலத் துறைக்காக வரைந்த படங்களால் பரவலாக அறியப்பட்டார். அவர் மறைந்த பின் 1922இல் அவருடைய கூட்டாளி வாலஸ் கிளார்க் அந்த முறையை ஒரு நூலாக்கினார். இன்று 'கேன்ட் படம்' என்றால் தொடக்க நாளிலிருந்து முடிவு நாள்வரை நீளும் பட்டைகளே நினைவுக்கு வருகின்றன. கிளார்க்கின் நூலில் இருப்பது ஒரு படமன்று, ஒரு குடும்பம்: இயந்திரப் பதிவுப் படம், ஆள் பதிவுப் படம், திட்டப் படம், முன்னேற்றப் படம், இவற்றோடு பளுப் படம் என்ற ஒன்றும்.

இந்தக் குடும்பத்தின் அடிப்படை எளிமையானது, ஆனால் எளிதில் நழுவிவிடக்கூடியது. தாளில் ஒரு நாளுக்கு ஒதுக்கப்பட்ட கட்டத்தின் அகலம் எப்போதும் ஒன்றே. அந்த அகலம் ஒரே சமயத்தில் இரண்டைக் குறிக்கும்: அந்த நாள், அந்த நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலையின் அளவு. நூறு அச்சுகள் செய்ய வேண்டிய நாளில் எழுபதே செய்யப்பட்டால், மெல்லிய கோடு கட்டத்தின் பத்தில் ஏழு பங்கோடு நின்றுவிடும். அதனடியில் ஒரு தடித்த கோடு வாரத்தின் கூட்டுத்தொகையைச் சொல்லும். நாளும் வேலையும் ஒரே நீளத்தில் அளக்கப்படுவதால், பற்றாக்குறை வெற்றிடமாகவே தெரிகிறது.

பளுப் படம் இதையே வருங்காலத்தின்மீது திருப்பியது. இயந்திர வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. எந்தெந்த வாரங்களுக்கு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை மெல்லிய கோடுகள் காட்டின. மொத்தம் எத்தனை வார வேலை நிலுவையில் நிற்கிறது என்பதை ஒரு தடித்த கோடு காட்டியது. கடைசல் இயந்திரங்களின்முன் பல வாரப் பளுவும் துளையிடும் இயந்திரங்களின்முன் ஒரு வாரப் பளுவும் இருந்தால், புதிய ஒப்பந்தத்துக்கு என்ன நாள் சொல்லலாம், எந்தப் பிரிவுக்கு ஆளெடுக்க வேண்டும் என்பதை மேலாளர் ஒரு பார்வையில் அறிந்துகொண்டார். பணிகளின் எண்ணிக்கை இங்கே தோன்றுவதே இல்லை. அளவு நேரத்தில், அந்த நேரத்துக்கு எதிரே கொள்ளளவு. பளு என்ற சொல்லுக்குப் பொருள் வர இரண்டும் வேண்டும். தாங்குபவரைச் சொல்லாமல் சுமையைச் சொல்ல இயலாது.

இதைவிடக் கூர்மையான ஒன்று பதிவுப் படங்களில் உண்டு. கோடு எங்கே குறைந்து நின்றதோ, அந்த வெற்றிடத்தில் ஓர் எழுத்து எழுதப்பட்டது. பொருள் வந்து சேராமைக்கு ஓர் எழுத்து, இயந்திரப் பழுதுக்கு ஓர் எழுத்து, ஆள் வராமைக்கு ஓர் எழுத்து, பழகாத தொழிலாளிக்கு ஓர் எழுத்து. காரணமில்லாத வெற்றிடம் முழுமையற்ற பதிவு. அவ்வெழுத்துகளுள் தொழிலாளியின் மந்தத்தைக் குறிப்பதும் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேன்ட் டெய்லரின் பள்ளியிலிருந்து வந்தவர்தான். ஆயினும் பொருள், கருவி, பழுது ஆகியவற்றுக்குப் பொறுப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது. சும்மா கிடக்கும் இயந்திரங்களின் செலவை உற்பத்திப் பொருளின் விலையில் ஏற்றக்கூடாது, அது நிர்வாகத்தின் கணக்கில் நிற்க வேண்டும் என்று 1915இல் கேன்ட் வாதிட்டதோடு இது பொருந்திப் போகிறது. படம் கீழே உள்ளவரைக் கண்காணித்தது. கூடவே மேலே உள்ளவரிடமும் விளக்கம் கேட்டது.

பின்வந்த வரலாறு வேகமானது. கேன்ட்டுடன் பணியாற்றிய வால்டர் பொலகோவ் வழியாக இம்முறை சோவியத் ஒன்றியத்தின் முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்துத் தொழிலகங்களை எட்டியது. 1950களின் இறுதியில் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் வலைப்படம் வரிசைமுறையை அழகாகக் காட்டியது, பளுவைக் காட்டவில்லை. 1984இல் மைக்ரோசாப்ட் புராஜெக்ட் வெளிவந்த பின், பட்டைகளாலான கேன்ட் படம் அலுவலகக் கணினிகளின் பொதுச்சொத்தாயிற்று. அம்மென்பொருள் ஒருவர்மீது கொள்ளளவை மீறி ஏற்றப்பட்ட வேலையைச் சிவப்பில் காட்டக் கற்றுக்கொண்டது. பளுப் படத்தின் நேர்வாரிசு அந்தக் காட்சிதான். ஆனால் அதைத் திறந்து பார்த்தவர் திட்ட மேலாளர்.

தனிநபர்ச் செயற்பட்டியல் செயலி வேறொரு மரபில் பிறந்தது: சட்டைப்பையிலிருந்த துண்டுக் காகிதத்தின் மரபு. அதில் அளவுக்கும் கொள்ளளவுக்கும் இடமிருந்ததில்லை. மறவாமை ஒன்றே நோக்கம். அதன்மீது பின்னர் நாட்காட்டிக் காட்சி ஏற்றப்பட்டபோது கேன்ட் குடும்பத்தின் தோற்றம் வந்தது, கணக்கு வரவில்லை. ஒரு நாளின் கட்டத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே பளுவின் அடையாளமாயிற்று. காலம் கடந்த பணிகள் சிவந்தன. சிவப்புக்கு அருகில் காரணம் எழுத ஒதுக்கிய இடம் எதுவுமில்லை. திட்டமிடும் மேலாளர், வேலை செய்யும் ஆள், இயந்திரம் மூவரும் இப்போது ஒரே நபர் என்பதால் விளக்கம் கேட்கப்பட வேண்டிய இன்னொருவர் படத்திலேயே இல்லை. துறைத்தலைவர் மாலை ஆறுமணிக்கு அனுப்பிய விடைத்தாள் திருத்தும் பணியால் ஓர் இயல் தள்ளிப்போனாலும், செயலியில் அது அந்த மாணவருடைய நிலுவையாகவே நிற்கும்.

அண்மைய சில செயலிகள் ஒவ்வொரு பணிக்கும் கால அளவு கேட்கின்றன. சில, நாளொன்றின் வேலைநேரத்தையும் முன்கூட்டியே கேட்டு, மீறும்போது எச்சரிக்கின்றன. பளுப் படத்தின் கணக்கு மெல்லத் திரும்பிவருகிறது. அந்த ஓரெழுத்துக் காரணங்களுக்கான இடம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.