கிரேக்க நாடகத்தின் மறைந்த இசை

கி. மு. 408ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரத்தில் யூரிப்பிடீஸ் என்னும் நாடகப் புலவர் தமது 'ஒரெஸ்டீஸ்' நாடகத்தை அரங்கேற்றினார். தாயைக் கொன்ற பழியினால் சித்தங் கலங்கிக் கிடக்கும் ஒரெஸ்டீஸின் நிலைகண்டு ஆர்கொஸ் நகரத்து மகளிர் புலம்பிப் பாடும் பகுதியொன்று அந்நாடகத்தில் உண்டு. அப்புலம்பலின் சொற்கள் இன்றும் நம்மிடம் உள. அவை எவ்வாறு பாடப்பட்டன, அன்று அரங்கைச் சூழ்ந்திருந்தோர் செவியில் விழுந்த ஒலி எத்தகையது என்னும் வினாவே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மேனாட்டறிஞரை ஈர்த்து வந்துள்ளது.

கிரேக்கர் 'மௌசிக்கே' என வழங்கிய சொல் பண்ணை மட்டுங் குறித்ததன்று. பாட்டும் பண்ணும் ஆடலும் ஒருங்கியைந்த கலையையே குறித்தது. இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒருசேர எண்ணிப் பழகிய நமக்கு இக்கருத்துப் புதியதன்று. துன்பியல் நாடகத்தின் உறுப்புக்கள் ஆறனுள் இசைப்பாட்டையும் ஒன்றாக அரிஸ்டோட்டில் எண்ணினார். உரையாடல்கள் பெரும்பாலும் இசையின்றிப் பேசப்பட்டன. சில பகுதிகள் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட ஓதல் முறையில் குழலுடன் இசைக்கப்பட்டன. பாடற்குழுவினரோ ஆடியும் பாடியும் அரங்கின் நடுவே இயங்கினர். முதலிற் பன்னிருவராயிருந்த அக்குழுவைப் பதினைவராக்கியவர் சொபோக்கிளிஸ் என்பர். ஆகவே இசையை நீக்கிவிட்டு இந்நாடகங்களைப் படிப்போர் அவற்றின் ஒரு கூற்றை மட்டுமே படிக்கின்றனர்.

இழந்த இசையை மீட்கும் ஆவல் இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. 1585இல் விசென்சா நகரில் சொபோக்கிளிஸின் 'இடிப்பஸ்' நாடகம் அந்திரேயா காபிரியேலி அமைத்த குழுப்பாடல்களோடு நடிக்கப்பெற்றது. கிரேக்க நாடகம் முழுவதும் பாடப்பட்டதென ஜிரோலமோ மேயி என்னும் அறிஞர் கருதினார். அக்கருத்தின் தாக்கம் புளோரன்ஸ் நகரத்துக் கலைஞரிடையே வேரூன்றியது. 1600இல் அந்நகரில் யாக்கோப்போ பேரியின் 'யூரிடிச்சே' அரங்கேறியது. இன்று முழுமையாகக் கிடைக்கும் 'ஒப்பெரா' நாடகங்களுள் அதுவே மூத்தது. பழமையைத் தேடிச் சென்றோர் கண்டது ஒரு புதுமையேயாம்.

பிற்காலத்தாரும் இவ்வாறே தத்தம் காலத்து இசையையே கிரேக்கர் வாயில் வைத்தனர். டெல்பி நகரில் 1893இல் பிரெஞ்சு அகழ்வாய்வாளர் அப்பொலோ தெய்வத்தைப் போற்றும் பாடல்களை இசைக்குறியீட்டோடு கல்லில் கண்டெடுத்தனர். அடுத்த ஆண்டில் பாரிஸ் நகரில் அவற்றுளொன்று பாடப்பெற்றபோது கேப்ரியல் போரே என்பார் யாழும் குழலும் கொண்டு பக்க இசை அமைத்தார். கேட்டோர் மகிழ்ந்தனர். ஆயினும் பல சுரங்களை ஒருங்கே அடுக்கி ஒலிக்கும் அம்முறை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குரியதேயன்றிப் பண்டைக் கிரேக்கத்துக்குரியதன்று.

இங்ஙனம் தம் செவியின் பழக்கத்தைத் தாமே ஐயுறக் கற்றுக்கொண்ட பின்னரே மீட்புப் பணி ஆராய்ச்சியாக வளர்ந்தது. அதற்குத் துணையாகும் சான்றுகள் நான்கு.

முதலாவது யாப்பு. கிரேக்கச் செய்யுள் அசைகளின் குறுமை நெடுமைகளால் இயல்வது. நெடிய அசை குறியதைப்போல் இருமடங்கு காலம் பெறும். எனவே தாளத்தின் பெரும்பகுதி சொற்களுக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆர்கொஸ் மகளிரின் புலம்பல் 'டொக்மியஸ்' என்னும் சந்தத்தில் அமைந்தது. குறில், நெடில், நெடில், குறில், நெடில் என வரும் அதன் அடிப்படை வடிவம் எட்டு மாத்திரை அளவினது. ஒத்த கூறுகளாகப் பிரியாது மூன்றும் ஐந்துமாகத் தடுமாறி நடக்கும் அச்சந்தம் மனக்கலக்கத்தைக் காட்டுதற்கே பெரிதும் ஆளப்பட்டது.

இரண்டாவது சொல்லின் ஓசை. பண்டைக் கிரேக்க மொழியில் அசையழுத்தம் வன்மையால் அமையாது குரலின் உயர்வு தாழ்வால் அமைந்தது. நம் இலக்கண நூலார் எடுத்தல், படுத்தல், நலிதல் எனக் கூறுவனவும், வேதம் ஓதுவோர் உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்பனவும் இத்தகையனவே. வேதமொழியின் ஓசையும் கிரேக்க மொழியின் ஓசையும் ஒரு மூலத்திலிருந்து வந்தன என்பது மொழிநூலார் துணிபு. தந்தையைக் குறிக்கும் 'பிதா', 'பதேர்' என்னும் இருசொற்களும் ஈற்றசையிலேயே குரல் உயரப்பெற்றன. பேச்சில் குரல் ஏறி இறங்கும் எல்லை ஏறத்தாழ ஐந்தாஞ் சுர இடைவெளி என ஹலிகர்னாசஸ் நகரத்து டயோனீசியஸ் என்னும் அறிஞர் எழுதிவைத்துள்ளார். டெல்பிப் பாடல்களின் பண் இச்சொல்லோசையைப் பெரிதும் தழுவியே செல்கின்றது.

மூன்றாவது இசைக்குறியீடு. கிரேக்கர் எழுத்துக்களையே சுரக்குறிகளாக ஆண்டனர். அவற்றின் அட்டவணையை அலிப்பியஸ் என்பார் தொகுத்து வைத்தமையால் இன்று அவற்றைப் படிக்க முடிகின்றது. 1892இல் கார்ல் வெசெலி வெளியிட்ட சிறிய பப்பைரஸ் துண்டொன்று ஆராய்ச்சியாளரை வியப்பில் ஆழ்த்தியது. இப்பொழுது வியன்னாவில் உள்ள அத்துண்டில் 'ஒரெஸ்டீஸ்' நாடகப் புலம்பலின் ஏழு அடிகள் சிதைந்த நிலையில், சொற்களின் மேல் சுரக்குறிகளுடன் காணப்படுகின்றன. 1973இல் வெளியான லெய்டன் நகரத்துப் பப்பைரஸ் யூரிப்பிடீஸின் வேறொரு நாடகத்தின் சில அடிகளை அவ்வாறே தருகின்றது. எஸ்கிலஸ், சொபோக்கிளிஸ் ஆகியோரின் எஞ்சிய நாடகங்களுக்கோ இத்தகைய பேறு வாய்த்திலது.

நான்காவது இசைக்கருவி. நாடக அரங்கின் கருவி 'ஔலோஸ்' என்னும் இரட்டைக் குழல். அது புல்லாங்குழல் போன்றதன்று. நாதசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதப்படுவது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள குழற்சோடி முதலியவற்றை அளந்து, அவைபோன்றன செய்து ஊதி வருகின்றனர். சார்டினியாத் தீவில் மூன்று குழல்களை ஒருங்கே, மூச்சு இடையறாது ஊதும் மரபு இன்றும் உண்டு. அம்மரபினின்றும் இவர்கள் பாடம் பெற்றுள்ளனர்.

இந்நான்கையும் இணைத்து 2017இல் ஒக்ஸ்போட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ஆர்மண்ட் டி'ஆங்கர் என்னும் அறிஞர் 'ஒரெஸ்டீஸ்' புலம்பலைப் பாடற்குழுவைக் கொண்டு இரட்டைக் குழலுடன் பாடச் செய்தார். புலம்பலைக் குறிக்கும் சொல்லில் பண் தாழ்ந்து இறங்குவதையும், துள்ளலைக் குறிக்கும் சொல்லில் குரல் பாய்ந்து ஏறுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். சொல்லின் ஓசையைவிடச் சொல்லின் பொருளையே பண் பின்பற்றியது என்பது அவர் கருத்து. யூரிப்பிடீஸ் இந்நாடகத்தின் பிறிதொரு பாடலில் சொல்லோசையை மீறிப் பண்ணமைத்தார் என டயோனீசியஸ் கூறியிருப்பது இதற்கு அரண் செய்கின்றது. ஒரே பண்ணில் அமைந்த இணைப்பாடல்கள் இரண்டில் சொற்கள் வேறுபடுமாதலின், அப்பண் இரண்டன் ஓசைக்கும் பொருந்துதல் அரிது என்பதும் கருதற்பாலது.

எனினும் ஐயங்கள் ஒழிந்தபாடில்லை. பப்பைரஸ் எழுதப்பட்டது நாடகம் அரங்கேறி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னர். அதிலுள்ள பண் யூரிப்பிடீஸ் அமைத்ததோ, பிற்கால நடிகர் அமைத்ததோ என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டிலர். அன்றியும், ஒரே குறியை அரைச்சுர இடைவெளியாகவும் அதனிற் பாதியாகிய நுண்ணிடைவெளியாகவும் படிக்கலாம். முன்னதைக் கொண்டால் பாட்டு நம் செவிக்கு எளிதாகும்; பின்னதைக் கொண்டால் அயலதாய் ஒலிக்கும். எளிதானதே உண்மையெனத் துணிவதற்குச் சான்று எதுவும் இல்லை.

இவ்விடத்தேதான் இம்முயற்சியின் பெறுமதி விளங்குகின்றது. 1600இலும் 1894இலும் இனிமையை நாடியோர் தம் குரலையே கேட்டனர். இன்றைய ஆராய்ச்சியாளர் செவிக்குப் பழகாத இடைவெளியையும், ஒத்து நடவாத சந்தத்தையும், கரகரத்து ஒலிக்கும் குழலையும் உள்ளவாறே ஏற்க முனைகின்றனர். ஏதென்ஸ் அரங்கில் ஒலித்த இசை முழுவதும் மீளப்போவதில்லை. ஆயினும் அச்சிட்ட பக்கத்தில் அமைதியாகக் கிடந்த ஏழடிகள் ஒரு குழுவினரின் புலம்பலாக மீண்டும் எழுந்துள்ளன. கிரேக்க நாடகம் படிப்பதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் உரியதென்பதை அவை உணர்த்துகின்றன.