வில்லிபுத்தூர் வகுத்த வரிசை

ஒரு காவியத்தையோ நாடகத்தையோ, நம் காலத்தில் ஒரு திரைப்படத்தையோ, கதையமைப்பையும் சொல்லழகையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அதில் உலவும் மனிதர்களைக்கொண்டே எடைபோட்டு, இன்னாருக்கு முதலிடம், இன்னாருக்கு அடுத்த இடம் என்று வரிசை வகுக்கும் வழக்கத்தை, இளம்பருவத்து அபிமானம் என்று சொல்லி விமரிசகர் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. அவ்வழக்கம் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது என்பதையும், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் ஏழெட்டு மைல் இடைவெளியில் அமைந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அதன் சரித்திரத்தில் பெரும்பங்கு கொண்டவை என்பதையும் அறிந்தவர்கள், அதை அவ்வளவு எளிதாக ஒதுக்கத் துணியமாட்டார்கள்.

முதற்சான்று ஒரு விளையாட்டு. உந்திபறத்தல் என்பது பெண்கள் இரு கட்சியாக நின்று, எழும்பிக் குதித்து, பாட்டுக்குப் பாட்டு பதில் கொடுத்து ஆடிய ஆட்டம். வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டிவந்த பெரியாழ்வார், தம் திருமொழியின் மூன்றாம் பத்தில் அந்த ஆட்டத்தையே ஒரு பதிகமாகச் செய்து வைத்திருக்கிறார். ஒருத்தி கண்ணன் கட்சி. மற்றவள் இராமன் கட்சி. சத்தியபாமைக்காகத் தேவலோகத்து மரத்தைக் கொணர்ந்தவனை முன்னவள் பாடுகிறாள். பரசுராமனின் வில்லை வாங்கியவனைப் பின்னவள் பாடுகிறாள். பாண்டவர்க்குத் தூது போனவன் என்று இவள் சொன்னால், பரதனுக்குப் பாதுகையை அளித்தவன் என்று அவள் சொல்கிறாள். பத்துப் பாட்டில் இருவருக்கும் ஐந்தைந்து. பதினோராம் பாட்டு பலன் கூறுவது. இரண்டு இதிகாசங்களின் நாயகர்களையும் எதிரெதிரே நிறுத்தி, யார் உயர்ந்தவர் என்ற வழக்கை மூட்டிவிட்டு, தாம் தீர்ப்புக் கூறாமல் எழுந்து போய்விடுகிறார் ஆழ்வார். கண்ணனிடத்தில் யசோதையாகவே மாறிப்போன அந்த உள்ளம், தன் பக்ஷத்தை வெளிக்காட்டாமல் இராமனுக்கும் சமபங்கு கொடுத்த நேர்மையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் தீர்க்காமல் விட்ட வழக்கு மகள் ஆண்டாளின் நூலில் தொடர்கிறது. திருப்பாவையின் பன்னிரண்டாம் பாட்டில், ஆய்ச்சியர் கூட்டத்தின் நடுவே, கண்ணனுக்கே உரிய அந்தச் சேரியில், இலங்கையை வென்றவனை மனத்துக்கு இனியவன் என்று ஒருத்தி பாடிவிடுகிறாள். அடுத்த பாட்டுக்கு உரை கூற வந்த வைஷ்ணவ ஆசாரியர்கள், ஆயர்பாடியில் இதனால் இரண்டு கட்சிகள் எழுந்தன என்றும், இருவர் புகழையும் ஒரே பாட்டில் வைத்து அந்தக் கலகத்தைத் தீர்த்தார்கள் என்றும் விவரிக்கிறார்கள். வியாக்கியானம் என்றால் வேதாந்த விசாரம் மட்டுமே என்று எண்ணியிருப்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்கவேண்டும்.

ஆண்டாளின் பாத்திர சிருஷ்டியும் சாதாரணமானதன்று. ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டுவரை பத்துப் பெண்கள் துயிலெழுப்பப்படுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கும் பெயர் கிடையாது. ஆயினும் மணிவிளக்கு எரியும் மாளிகையில் உறங்கும் மாமன் மகளும், கும்பகர்ணனையே தூக்கத்தில் தோற்கடித்தவளும், எல்லாரையும் நானே வந்து எழுப்புவேன் என்று வீரம் பேசிவிட்டுப் படுக்கையை விடாதவளும், உள்ளிருந்தபடியே வாதாடி, கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு வெளிவருபவளும், எட்டு எட்டு அடிகளுக்குள் நம் தெருவில் வாழ்ந்தவர்களைப்போல் மனத்தில் நின்றுவிடுகிறார்கள். இப்பத்துப் பேரிலும் அந்தக் கடைசிப் பெண்ணுக்கே உரையாசிரியர்கள் தனி ஏற்றம் தருகிறார்கள். அவள் பேசும் பாட்டையே திருப்பாவையின் சாரமாகக் கொள்கிறார்கள். பிறர் சொன்ன குற்றத்தைத் தான் செய்யாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும் அவளுடைய பண்புக்குக் கிடைத்த முதலிடம் அது.

ஏட்டில் உள்ள ஒருவரை உயிருள்ள உறவினராக எண்ணி நடந்துகொண்டவர் என்று சொல்லத்தக்கவர் இராமாநுசர். மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக நாச்சியார் திருமொழியில் கோதை என்னும் ஆண்டாள் நேர்ந்துகொள்கிறாள். அந்த நேர்த்தியை அவளுக்காக நிறைவேற்றிவிட்டு இராமாநுசர் வில்லிபுத்தூருக்கு வந்தபோது, அர்ச்சையில் இருந்த ஆண்டாள் தம் அண்ணன் என்று அவரை வரவேற்றதாகக் குருபரம்பரைக் கதைகள் கூறும். பாட்டில் ஒரு பெண் சொன்ன வார்த்தை பொய்த்துவிடக் கூடாதே என்று பல தலைமுறைகளுக்குப் பின் வந்த ஒருவர் கவலைகொண்டு, அதைச் செய்தும் முடித்தார் என்ற அந்தக் கதையைப்போல், ஒரு பாத்திரத்துக்கு வாசகர் செய்த மரியாதையாக வேறொன்றை நான் கேட்டதில்லை.

இவ்வூரில் அரையர் சேவை இன்றும் நிலைத்திருப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. குல்லாய் தரித்து, தாளம் ஏந்தி, பாசுரத்தை இசையோடு சொல்லி அபிநயிக்கும் அரையர், தாயாகவும் மகளாகவும் குறிசொல்லும் கட்டுவிச்சியாகவும் தாமே மாறுகிறார். வேஷம் மாற்றுவதில்லை, குரலும் கையும் மட்டுமே மாறும். ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று ஊர்களே தமிழ்நாட்டில் இக்கலையைக் காத்துவருகின்றன.

வில்லிபுத்தூரின் பெயர் இன்னொரு வழியாகவும் தமிழரின் பாத்திர வரிசையில் புகுந்தது. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த கவிஞர் ஒருவருக்குப் பெரியாழ்வாரின் நினைவாக வில்லிபுத்தூரார் என்று பெயர் வைத்தார்கள். அவர் பத்துப் பருவங்களில் பாடிய பாரதத்தில், களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் முதிய அந்தணனாக வந்து, அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் யாசித்துப் பெறுகிறான். வியாச பாரதத்தில் இல்லாத காட்சி இது. அர்ச்சுனனைக் காட்டிலும் கர்ணனிடத்தில் தமிழர்களுக்கு மனம் இளகுவதற்கு இந்த ஒரு காட்சியே பெருங்காரணம் என்பது என் துணிபு. 1964-இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' திரைப்படத்தில் சிவாஜி கணேசனும் என். டி. ராமராவும் அதை நடித்தபோது, வில்லியின் பெயரையே அறியாதவர்களும் கொட்டகையில் கண்ணீர் விட்டார்கள்.

அதே சிவாஜி கணேசன், 1968-இல் ஏ. பி. நாகராஜனின் 'திருமால் பெருமை'யில் பெரியாழ்வாராகத் தோன்றினார். கர்ணனை நடிப்பது எளிது என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் ஆழ்வாரின் உள்ளம் அதனினும் அரியது. ஒரே மகளைச் சீராட்டி வளர்த்து, அவளைத் திருமால் கொண்டுபோய்விட, புகுந்த வீட்டில் அவளை எவ்வாறு நடத்துவார்களோ என்று ஏங்கும் தாயின் குரலில் அவர் பாடியிருக்கும் பதிகம், உந்திபறக்கும் பதிகத்துக்கு முந்தியே நிற்கிறது. தெய்வமே மருமகனாக வாய்த்தாலும் பெற்றவர் மனம் ஆறுவதில்லை.

இந்தத் தந்தையையும் மகளையும் தெலுங்கு நாட்டுக்குக் கொண்டுசென்றவர் ஒரு சக்கரவர்த்தி. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரையை அடுத்த ஸ்ரீகாகுளத்தில் தங்கியிருக்கையில், ஆந்திர விஷ்ணு கனவில் வந்து கோதையின் கதையைத் தெலுங்கில் பாடப் பணித்ததாகத் தம் 'ஆமுக்தமால்யதா'வின் தொடக்கத்தில் சொல்லிக்கொள்கிறார். காவியம் வில்லிபுத்தூரின் வர்ணனையோடு விரிகிறது. கால்வாய் ஓரத்தில் சிறகுக்குள் தலையைச் செருகி உறங்கும் வாத்துகளை, விடியலில் நீராடிய அந்தணர்கள் பிழிந்து மறந்துபோன வஸ்திரங்கள் என்று நினைத்து, எடுத்துக் கொடுப்பதற்காகக் காவலர் இறங்குவதும், அவை சிறகடித்துப் பறப்பதும், வயல் காக்கும் பெண்கள் அதைக் கண்டு சிரிப்பதும் அதில் வருகின்றன. பெயரில்லாத ஒரு காவலனையும் ஒரு சிரிப்பையும் கொண்டு ஓர் ஊரைக் கண்முன் நிறுத்தும் ஆற்றல் அரசர்களுக்கு வாய்ப்பது அரிது.

தெலுங்கர்கள் பஞ்ச காவியங்கள் என்று ஐந்து நூல்களை உயர்த்தி வைத்து, அவ்வரிசையில் ராயரின் நூலையும் சேர்த்திருக்கிறார்கள். ஐந்து எவை என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் இத்தகைய நூல்களை நினைக்கும்போது எனக்குப் பாத்திரங்களே முன்னே வருகிறார்கள். பெத்தனாவின் 'மனுசரித்திர'த்தை நினைத்தால் பிரவரனை மோகித்துப் புலம்பும் வரூதினி முன்னே வருகிறாள். நந்தி திம்மனாவின் 'பாரிஜாதாபஹரண'த்தைச் சொன்னால், பெரியாழ்வாரின் பெண்கள் முதற்பாட்டில் பாடிய அதே மரத்துக்காக ஊடிக் கோபிக்கும் சத்தியபாமை வருகிறாள். தெனாலி ராமகிருஷ்ணனின் 'பாண்டுரங்க மாஹாத்மிய'த்தில் சீரழிந்த தம்பிக்கு நல்வழி சொல்லும் நிகமசர்மனின் தமக்கைக்கோ பெயர்கூட இல்லை. ஆயினும் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா அவளைப்பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

விஜயநகர ஆட்சியின் தொடர்பால் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து ராஜபாளையத்தில் குடியேறிய ராஜுக்கள், வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வாழ்பவர்கள். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா பிறந்த ஊரென்றும், 1936-இல் தோன்றிய ராஜபாளையம் மில்லின் ஊரென்றும் அதனைப் பலர் அறிவர். பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜாவின் ஊர் என்பது எனக்கு அவற்றினும் முக்கியமானது. பிராகிருதமும் ஸம்ஸ்கிருதமும் கற்று, எத்தனையோ நூல்களைத் தமிழாக்கிய அவர், 'ஆமுக்தமால்யதா'வையும் தமிழில் பெயர்த்தார்; 1989-இல் அதற்குச் சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. வில்லிபுத்தூரில் பிறந்த கோதை, ஹம்பிவரையில் சென்று, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தெலுங்கில் வாழ்ந்து, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கைவழியாகத் தமிழுக்குத் திரும்பினாள்.

அந்தக் காவியத்தில் முதலிடம் யாருக்கு என்று என்னைக் கேட்டால், கோதைக்கு என்று சொல்லமாட்டேன். தம் பாட்டிலேயே முழு உருவத்தோடு நிற்பவரை வேறொருவர் வர்ணனையால் உயர்த்த முடியாது. பாண்டியன் சபையில் வாதம் வென்ற விஷ்ணுசித்தராகிய பெரியாழ்வாருக்கும், அரசநீதியை விரித்துரைக்கும் யாமுனாசாரியருக்கும் அடுத்தடுத்த இடங்களே. முதலிடம் மாலதாசரிக்கு. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, திருக்குறுங்குடிப் பெருமானைப் பாட விடியுமுன் புறப்பட்டு, வழியில் பிரம்மராக்ஷஸன் கையில் அகப்பட்டு, பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன் என்று வாக்களித்து, வந்தும் நின்றவன் அவன். கட்டாயப்படுத்த ஒருவரும் இல்லை. தப்பிச் செல்ல வழி இருந்தது. கைசிக மாஹாத்மியத்தில் நம்பாடுவான் என்று வழங்கும் இவனை, குறுங்குடியில் கைசிக ஏகாதசி இரவில் நாடகமாகவே நடித்துக் காட்டுகிறார்கள். அதே ஏகாதசியன்று வில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு 108 வஸ்திரங்கள் சாற்றும் வைபவமும், அவன் கதையை வாசித்துக் கேட்கும் வழக்கமும் உண்டு. அரசருக்கும் ஆசாரியருக்கும் அந்த இரவில் அவ்விதமான இடம் கிடையாது.