ரேஞ்சர் வளர்ந்த பாதைகள்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டு 1974-இல் வெளிவந்தபோது அதில் ரேஞ்சர் என்ற பாத்திர வகை இல்லை. டோல்கீனின் கதைமாந்தன் அரகோர்னை ஒத்த அந்தக் காட்டுவீரனை வகுத்தவர் ஜோ ஃபிஷர். 1975-இல் 'ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' இதழில் அவன் அறிமுகமானான். 1978-ஆம் ஆண்டு விதிநூல் அவனைப் போர்வீரனின் கிளையாக்கியது. அப்போது வளர்ச்சிப் பாதை ஒன்றே. நல்லறம் வழுவக் கூடாது. ரேஞ்சர்கள் மூவருக்கு மேல் சேர்ந்து இயங்கக் கூடாது. உயர்நிலையில் சில மந்திரங்கள் கைகூடும்.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு இரட்டை ஆயுதப் போரை அவனுக்கு உரியதாக்கியது. வில்லை விரும்பியவர்களுக்குத் தனிப் பாதை 2003-இல்தான் திறந்தது: இரண்டாம் நிலையை எட்டியதும் வில்லா, இரட்டை ஆயுதமா என்று தேர்ந்துகொள்ளலாம்.

2014-இன் ஐந்தாம் பதிப்பு, மூன்றாம் நிலையில் வேட்டையாளன், விலங்குத்துணைவன் என இரு பாதைகளை வைத்தது. பின்னது கற்பனைக்கு இனியது, ஆட்டத்தில் நலிந்தது. துணைவிலங்கு தாக்க வேண்டுமானால் ரேஞ்சர் அந்தச் சுற்றில் தன் செயலையே விட்டுக்கொடுக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் சொன்ன குறை முற்றிலும் நியாயமானது. 2020-இல் வந்த துணைநூல், முதன்மைச் செயலுக்கு மேலதிகமான 'போனஸ்' செயலாலேயே விலங்கை ஏவ வழிசெய்து அதைத் தீர்த்தது. 2024-ஆம் ஆண்டு விதிநூலில் ரேஞ்சருக்கு நான்கு பாதைகள் உள்ளன; விலங்குத்துணைவன் அவற்றில் ஒன்று.