டேபர் குன்று

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், லாரன்ஸ் அவெனியூவும் பெல்லமி வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகிலுள்ள வெண்டாட் பழங்குடியினரின் ஈமக்குன்று. 14ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படுகிறது. 1956 ஆகஸ்டில் மண் வெட்டிய இயந்திரத்தில் எலும்புகள் அகப்பட்டபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. உள்ளே ஏறத்தாழ 500 பேரின் எச்சங்கள் இருந்தன.

அக்கால வெண்டாட் மக்கள் பத்து இருபது ஆண்டுகளுக்கொருமுறை ஊரை இடம் மாற்றுவார்கள். புறப்படுமுன் தனித்தனியே புதைத்தவர்களைத் தோண்டி, எலும்பைத் துப்புரவாக்கி, பீவர் தோலில் பொதிந்து ஒரே குழியில் சேர்ப்பார்கள். முதுமக்கள் தாழியை அறிந்த தமிழருக்கு இது அவ்வளவு அந்நியமல்ல. 1956 அக்டோபரில் ஆறு தேசத்தார் எனும் பழங்குடிக் கூட்டமைப்பினர் சடங்கு செய்து எலும்புகளை மீண்டும் புதைத்தனர். குன்று இன்று பூங்கா, நினைவுக்கல் உண்டு. புல்வெளியாகவே தோன்றுவதால் அறியாமல் கடந்துபோகிறவர்களே அதிகம்.

17ஆம் நூற்றாண்டின் நோயாலும் போராலும் சிதறிய வெண்டாட் வழியினரில் ஒரு பிரிவினர் கியூபெக்கின் வெண்டாகேயில் வாழ்கின்றனர். பேச்சுவழக்கொழிந்த தம் மொழிக்கு மீண்டும் உயிரூட்டி வருகின்றனர். இவர்களைப் போன்ற பழங்குடியினரின் உரிமைகளைக் கனடாவின் 1982 அரசமைப்பு ஏற்றது.