பழவேற்காட்டு ஆர்டர் ஷீட்

ஆரணின்னதும் பட்டுப் புடவை ஞாபகம் வரும். இது அந்த ஆரணி இல்ல, பெரியபாளையம் பக்கத்து ஆரணி. ஊரை ஒட்டி ஓடுற ஆரணியாறு, பொன்னேரி வழியா பழவேற்காட்டுல போய்ச் சேருது. அங்கே 1613-ல் டச்சு கம்பெனி கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அதுதான் அவங்க தலைமையிடம்.

அவங்களுக்கு வேண்டியது துணி. இந்தோனேசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு வாங்க நம்ம கரைத் துணிதான் பணம் மாதிரி. ஆனா ஒவ்வொரு தீவுக்கும் ஒரு ரசனை. நிறமோ அளவோ தப்பினா சரக்கு தேங்கிடும். அதனால படேவியாவுல இருந்து வருஷா வருஷம் பட்டியல் வரும்: என்ன வகை, என்ன நிறம், எத்தனை. மாதிரித் துணியும் கூடவே வரும். உள்ளூர் வணிகர்கள் முன்பணம் வாங்கி நெசவாளர்கள்கிட்ட வேலையைப் பிரிச்சுக் கொடுப்பாங்க. வந்த துணியை மாதிரியோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க, சேராததைக் கழிப்பாங்க.

இப்ப உங்க ப்ராம்ப்ட் ஃபைலைத் திறங்க. பெரும்பாலும் "சூப்பர் ப்ராம்ப்ட் 7"ன்னு பேர் வெச்ச குவியலாத்தான் இருக்கும். அந்தப் பட்டியல்ல இருந்த மூணு விஷயம் அதுல இருக்காது: யாருக்காக, நல்ல பதிலுக்கு ஒரு மாதிரி, எதை வெச்சு சரிபார்க்கணும். இந்த மூணையும் சேர்த்தாலே பாதி வேலை முடிஞ்சது.

ஆனா பட்டியல்ல இல்லாத ஒண்ணும் உண்டு. "சிவப்பு"ன்னு எழுதினாப் போதும், சாயவேர்ல இருந்து அந்தச் சிவப்பை எடுக்கிற வித்தை சாயக்காரர் கையில் இருந்தது. கம்பெனியால ஆர்டர் கொடுக்க முடிஞ்சது, ஆனா அந்தக் கை ஆர்டர்ல இல்ல.

நம்ம ப்ராம்ப்ட்டுகள் அதையும் எழுதிடுது. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு சீனியர் டெக்னீஷியன் மோட்டார் சத்தத்தை வெச்சே பேரிங் போயிடுச்சுன்னு சொல்வார்னு வெச்சுக்கோங்க. அவர் சொன்னதை ஜூனியர் ஒருத்தர் ப்ராம்ப்ட்டா டைப் பண்ணிட்டா, நாளைக்கு அது எல்லா ஷிப்ட்லயும் ஓடும். அவர் பேர் மட்டும் எங்கேயும் இருக்காது. சம்பளம், பதவி உயர்வு பேசுறப்போ அது சின்ன விஷயம் இல்ல.

அதனால ஒவ்வொரு ப்ராம்ப்ட்டுக்கும் மேல நாலாவதா ஒரு வரி: இது யார் சொல்லிக் கொடுத்தது, எந்தத் தேதி. எழுதுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.